கப்பலில் கேபின் புக் செய்த பிறகு கட்டணம் குறைந்தால் வித்தியாசம் கிடைக்குமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா என்ற சுற்றுலாக் கப்பல் கம்பெனியின் எம்பிரஸ் கப்பல் கிளம்பத் தொடங்கியது. ராஜாஜி சாலைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பதெல்லாம் சரக்குக் கப்பல் என்றே பார்த்துப் பழகியிருந்த ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்கள் அதற்கப்புறம் குடும்பத்தோடு கப்பல் டிக்கெட் போட ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம், சிங்கப்பூருக்கு விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறுகிறவர்கள். மூன்றாவதாக, ஹூஸ்டனில் இருக்கும் மகனோ மகளோ எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் போகிற அப்பா அம்மாக்கள். மூன்று தரப்பும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: "நாங்க போட்டப்போ ஒரு விலை. இப்ப அதே ரூம் கம்மியா காட்டுது. என்ன பண்ணலாம்?" மண்ணடியில் டிக்கெட் வேலை பார்த்தபோது கேட்ட கேள்விகளும், இப்போது தெருவில் நிறுத்திக் கேட்கிற கேள்விகளும் கலந்தது கீழே இருப்பது.

சுருக்கமாகச் சொல்லுங்கள். வித்தியாசம் கிடைக்குமா, கிடைக்காதா?

மீதிப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்னால் என்றால், பல கம்பெனிகளில் கிடைக்கும். அந்த நாள் தாண்டிவிட்டால் பணமாகக் கிடைப்பது கஷ்டம். வேறு வடிவத்தில் ஏதாவது கேட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் பொதுவான ஒன்று, நீங்கள்தான் கேட்க வேண்டும். விலை குறைந்துவிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று எந்தக் கம்பெனியும் போன் செய்யாது.

சட்டப்படி அது உங்கள் உரிமை என்றும் நினைக்க வேண்டாம். ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டு வாங்கியிருக்கிறீர்கள். குறைத்துக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் விதியில் இருந்தால் விதிப்படி, இல்லாவிட்டால் அவர்கள் மனசுப்படி.

அந்தக் கடைசி நாளை எங்கே பார்ப்பது?

புக்கிங் உறுதிக் கடிதத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் கேபின் எண், பயணிகள் பெயர், கட்டிய முன்பணம், மீதி, அதற்கான தேதி என்று வரிசையாக வரும். வாட்ஸ்அப்பில் ஏஜெண்ட் அனுப்பிய ஒற்றைப் பட ரசீதில் இது இருக்காது. கம்பெனியின் உறுதிக் கடிதத்தையே கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியைப் பிறகு கேட்பார்கள். ராயல் கரீபியன் அமெரிக்காவில் விற்கும் டிக்கெட்டில், 4 இரவு வரையிலான பயணத்துக்கு 75 நாள் முன்பும், 5 இரவோ அதற்கு மேலோ போனால் 90 நாள் முன்பும் முழுப் பணம் கட்டியாக வேண்டும். மற்ற நாட்டு விற்பனையில் இது மாறும். உங்கள் கடிதத்தில் அச்சாகியிருக்கும் தேதிதான் உங்களுக்கு.

சென்னையிலிருந்து போகும் இரண்டு மூன்று இரவுப் பயணங்களில் பலர் முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டியிருந்தால் 'மீதிப் பணத் தேதி' என்று ஒன்று இருக்காது. அதற்குப் பதிலாக ரத்துக் கட்டண அட்டவணையைப் பாருங்கள். பயணத்துக்கு இத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் இத்தனை சதவீதம் பிடிப்போம் என்று படிப்படியாகப் போட்டிருப்பார்கள். பிடிப்பு குறைவாக இருக்கும் அந்த முதல் படி முடியும் வரைதான் உங்கள் பேச்சுக்குப் பலம். ஏனென்றால் அதுவரை நீங்கள் விட்டுவிட்டுப் போகவும் முடியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இவ்வளவு பெரிய கம்பெனி ஏன் விலையை ஏற்றி இறக்குகிறது?

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரம் ஒரு விலை, வெயில் ஏறின பிறகு ஒரு விலை. காலி கேபினும் அப்படித்தான். கப்பல் கிளம்பின நிமிடத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். எம்பிரஸில் ஏறக்குறைய எண்ணூறு கேபின்கள். அவை நிரம்பும் வேகத்தைப் பார்த்து விலையை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்பினால் ஏறும், மெதுவாக நிரம்பினால் இறங்கும்.

இதில் வெளியே தெரியாத ஒரு திருப்பம் இருக்கிறது. மீதிப் பணம் கட்டும் நாள் வந்ததும், யோசித்துக்கொண்டே இருந்தவர்கள் ரத்து செய்துவிடுவார்கள். அந்தக் கேபின்கள் மொத்தமாகத் திரும்ப விற்பனைக்கு வரும். ஏஜெண்டுகள் பிடித்து வைத்திருந்து விற்க முடியாமல் போனதும் அதே சமயத்தில் திரும்பும். அதனால் அந்தத் தேதியை ஒட்டிய வாரங்களில் விலை ஆடும். உங்களுக்குக் கதவு சாத்தப்படும் நேரமும் அதுவேதான். ஆகவே கடைசி நாளுக்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் ஒரு தடவை விலை பாருங்கள். அதற்கு முன்பு வாரம் ஒரு முறை போதும்.

எந்தப் பயணத்தில் விலை இறங்கும், எதில் இறங்காது?

கோர்டிலியா பொதுவாக வருஷ நடுவில்தான் சென்னைப் பக்கம் வருகிறது. தென்மேற்குப் பருவமழையில் மும்பை, கோவா பக்கம் கடல் கொந்தளிக்கும். அப்போது கப்பல் கிழக்குக் கடற்கரைக்கு வந்துவிடும். அந்தச் சில மாதங்களுக்குள் சுதந்திர தினத்தை ஒட்டி வரும் நீண்ட வார இறுதி, விநாயகர் சதுர்த்தி, காலாண்டுத் தேர்வு விடுமுறை ஆகிய நாட்களுக்கு விலை இறங்கும் என்று காத்திருப்பது வீண். திங்கள் கிளம்பி புதன் திரும்பும் பயணமென்றால் நம்பிக்கை வைக்கலாம். பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் குடும்பங்கள் வராது.

'ஆடித் தள்ளுபடி' என்று ஏஜெண்டுகள் போடும் விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் பாதி கம்பெனியே எல்லோருக்கும் கொடுக்கும் விலைதான். கடைக்காரர் மேலே ஆடி என்று எழுதியிருப்பார்.

குறைந்த விலையைப் பார்த்தேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். அது போதுமா?

பெரும்பாலானவர்களின் கோரிக்கை தோற்பது இந்த இடத்தில்தான். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'இவ்வளவிலிருந்து' என்று போட்டிருக்கும் விலையைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அது அந்தக் கப்பலின் மிக மலிவான, ஜன்னல் இல்லாத உள்கேபினுக்கு, இரண்டு பேர் தங்கினால் ஒரு ஆளுக்கு, வரியும் துறைமுகக் கட்டணமும் சேராத விலையாக இருக்கும். நீங்கள் எடுத்திருப்பது கடல் பார்த்த கேபின், கூட ஒரு குழந்தை, எல்லாம் சேர்த்த தொகை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பத்தாயிரம் குறைந்த மாதிரிதான் தெரியும்.

சரியாக ஒப்பிட வேண்டுமென்றால் புதிதாக டிக்கெட் எடுப்பது போலவே கடைசிப் பக்கம் வரை போங்கள். அதே கப்பல், அதே தேதி, அதே கேபின் வகை, அதே ஆட்கள், அதே வயது போட்டு, பணம் கட்டும் திரையில் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள். அந்தத் திரையைத்தான் படம் எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. நாணயமும் ஒன்றாக இருக்கட்டும். சிங்கப்பூர் டாலரில் காட்டுவதை அமெரிக்க டாலர் என்று நினைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேபின் வகையில் ஒரு நுணுக்கம். கடல் பார்த்த கேபின் என்பதற்குள்ளேயே நாலைந்து குறியீடு இருக்கும்: எந்தத் தளம், நடுவிலா முனையிலா, உயிர்காப்புப் படகு ஜன்னலை மறைக்கிறதா என்று. உறுதிக் கடிதத்தில் உள்ள குறியீடும் திரையில் உள்ள குறியீடும் ஒன்றாக இல்லாவிட்டால், "அது வேற வகை சார்" என்று முதல் வாக்கியத்திலேயே முடித்துவிடுவார்கள்.

ஏஜெண்டிடம் போட்டேன். நானே கம்பெனிக்குப் போன் செய்து கேட்கலாமா?

செய்யலாம், ஆனால் ஏஜெண்டைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். யார் வழியாகப் போட்டீர்களோ அவர்கள்தான் அந்தப் புக்கிங்கைத் தொட முடியும்.

ஏஜெண்டின் நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். அவருக்குக் கமிஷன் வருவது கட்டணத்தின் மேல். துறைமுகக் கட்டணம், வரிக்கு இல்லை. உங்கள் கட்டணம் குறைந்தால் அவருடைய கமிஷனும் குறையும், வேலையும் கூடும். அதனால் அவராக விலை பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல ஏஜெண்ட் கேட்டால் செய்து கொடுப்பார், அடுத்த வருஷமும் நீங்கள் வரவேண்டும் என்பதற்காக. புக் செய்யும்போதே இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள்: விலை குறைந்தால் மாற்றிக் கொடுப்பீர்களா? அதற்கு உங்கள் சேவைக் கட்டணம் தனியா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு மூன்று மாதம் தாங்காது.

என்ன வார்த்தையில் கேட்பது?

'கேன்சல்' என்று ஆரம்பிக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் அதைக் கேட்டதும் ரத்துப் பகுதிக்குப் போய்விடுவார். இப்படி எழுதலாம்: "எங்கள் புக்கிங் எண் இது. இதே பயணத்தில் இதே கேபின் வகைக்கு இன்று காலை மொத்தம் இவ்வளவு காட்டுகிறது, படம் இணைத்திருக்கிறேன். புக்கிங்கை ரத்து செய்யாமல், இதே கேபினில் இன்றைய கட்டணத்துக்கு மாற்ற முடியுமா? மாற்றினால் இப்போதிருக்கும் சலுகைகளில் எது போகும்?"

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று அடுத்த கேள்வியில்.

மாற்றினால் எதையாவது இழப்போமா?

இழக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் போட்ட நாளில் ஒரு சலுகை ஓடியிருக்கும்: கப்பலில் செலவழிக்க 50 டாலர், இலவச வைஃபை, குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்று ஏதாவது. புதிய விலைக்கு மாறும்போது புதிய நாளின் சலுகைதான் பொருந்தும். பழையது போய்விடும். உதாரணத்துக்கு, கட்டணம் 6,000 ரூபாய் குறைகிறது. 50 டாலர் சலுகை போகிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 4,250 ரூபாய் போச்சு. மிச்சம் 1,750. அதற்காக மூன்று நாள் போனில் தொங்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம்.

குழந்தைக்குக் கட்டணமில்லாச் சலுகையில் போட்டவர்கள் இன்னும் கவனம். பெரியவர் கட்டணம் குறைந்தது என்று மாற்றிக்கொண்டு, குழந்தைக்குப் புதிதாக முழுப் பணம் கட்டும் கூத்தும் நடக்கும்.

முன்பணத்தின் வகையையும் பாருங்கள். திரும்பக் கிடைக்கும் முன்பணம், திரும்பாத முன்பணம் என்று இரண்டு உண்டு. திரும்பாததில் கட்டணம் மலிவு. பழையது திரும்பும் வகை, புதிய மலிவு விலை திரும்பாத வகை என்றால், அது விலை குறைவே இல்லை. உங்கள் சுதந்திரத்தை விற்றுக் கிடைக்கும் தொகை. ராயல் கரீபியனில் திரும்பாத முன்பணத்தோடு எடுத்துவிட்டுக் கப்பலையோ தேதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் பிடிக்கிறார்கள்.

பேசாமல் பழையதை ரத்து செய்து புதிதாகப் போட்டுவிட்டால்?

ரூபாயில் கட்டிய, ரத்துக் கட்டணம் இல்லாத புக்கிங் என்றால் போடலாம். முதலில் புதியது உறுதியாகட்டும். அப்புறம் பழையதை ரத்து செய்யுங்கள். தலைகீழாகச் செய்து, இரண்டுக்கும் நடுவில் விலை ஏறி நின்றால் யாரையும் கேட்க முடியாது. ஒரே பெயர்கள் ஒரே பயணத்தில் இரண்டு தடவை இருந்தால் சில கம்பெனிகள் இரண்டாவதைத் தானாகவே நீக்கிவிடும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாலரில் இந்தியக் கார்டு போட்டிருந்தால் கணக்கு வேறு. கார்டு கம்பெனி வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணம் திரும்பும்போது அந்தக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. திரும்பும் நாளின் டாலர் மதிப்பும் வேறாக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக்கெட் 1,000 டாலர், டாலர் 85 ரூபாய், கார்டு கட்டணம் 3.5 சதவீதமும் அதன் ஜிஎஸ்டியும். மொத்தம் 88,510 ரூபாய் போயிருக்கும். விலை 900 டாலராக இறங்குகிறது. ரத்து செய்கிறீர்கள், 84 ரூபாய் மதிப்பில் 84,000 திரும்ப வருகிறது. புதிதாக 900 டாலர் போட்டால் கார்டு கட்டணத்தோடு 79,659. கூட்டிக் கழித்தால் மொத்தச் செலவு 84,169. நூறு டாலர், அதாவது 8,500 ரூபாய் மிச்சம் என்று நினைத்த இடத்தில் மிஞ்சியது 4,341.

அதே புக்கிங்கை ரத்து செய்யாமல் விலையை மட்டும் மாற்றி, வித்தியாசமான 100 டாலரைக் கார்டுக்கு அனுப்பியிருந்தால் 8,400 வந்திருக்கும். முன்பணம் மட்டுமே கட்டியிருந்த நிலை என்றால் இன்னும் சுலபம். மீதி கட்டும்போது குறைத்துக் கட்டுவீர்கள். எதுவும் போகவும் வேண்டாம், வரவும் வேண்டாம்.

முழுப் பணமும் கட்டியாச்சு. இனிமேல் கேட்டு என்ன பயன்?

பணம் கேட்டால் பயனில்லை. வேறு மூன்றைக் கேட்கலாம். வித்தியாசத்தைக் கப்பல் செலவுக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். அல்லது அதே பணத்துக்கு மேல்வகை கேபின். அதுவும் இல்லையென்றால் அடுத்த பயணத்துக்குக் கழிவு.

இதில் மேல்வகை கேபின்தான் என் தேர்வு. உள்கேபினுக்கு நீங்கள் கட்டியது 32,000. இன்று கடல் பார்த்த கேபின் 33,000 என்று காட்டினால், "ஆயிரம் ரூபாய் கட்டுகிறேன், மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்பது கம்பெனிக்கும் லாபம். உங்கள் உள்கேபின் அவர்கள் கைக்குத் திரும்புகிறது, கையிலிருக்கும் பணமும் போகவில்லை. குறைத்துக் கொடு என்றால் மறுக்கிறவர்கள்கூட, கூடக் கொடுக்கிறேன் என்றால் காது கொடுப்பார்கள்.

கார்னிவல் கம்பெனியில் 'ஏர்லி சேவர்' என்ற கட்டண வகை உண்டு. முன்பணம் திரும்பாது. ஆனால் பயணத்துக்கு 2 வேலைநாள் முன்பு வரை அவர்களே குறைந்த விலை விளம்பரம் செய்தால் விண்ணப்பிக்கலாம். வித்தியாசம் கப்பல் செலவுக்கு வரவாக வரும். ஹூஸ்டன் பக்கத்துத் துறைமுகமான கேல்வெஸ்டனிலிருந்து போகிற நம்ம ஊர் அப்பா அம்மாக்கள் பலர் இந்த வகை டிக்கெட்டை வைத்துக்கொண்டே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உறுதிக் கடிதத்தில் கட்டண வகையின் பெயர் இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மேல்வகை கேபினுக்கு 'ஏலம் கேளுங்கள்' என்று ஈமெயில் வந்தது. ஏமாற்று வேலையா?

கம்பெனியிலிருந்தே வந்திருந்தால் உண்மைதான். இவ்வளவு கூடத் தருகிறேன் என்று ஒரு தொகை எழுதுவீர்கள். காலியிருந்தால் ஏற்பார்கள், உடனே கார்டில் பிடித்துவிடுவார்கள். தொகை ஆளுக்கா கேபினுக்கா என்று பாருங்கள். ஆளுக்கு என்றால், மூன்று பேர் தங்கினாலும் பெரும்பாலும் முதல் இரண்டு பேருக்குத்தான் கணக்கு. ஏலம் எழுதுவதற்கு முன்னால் அந்த மேல்வகையின் நேர்விலையைப் பார்த்துவிடுங்கள். நேர்விலையைவிட அதிகமாக ஏலம் கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகு பின்வாங்க முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கேபினில் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் என்று போட்டிருந்தால் ஏலமே வேண்டாம். ஒருவர் மேல்தளத்துக்குப் போய்விடுவார். அப்புறம் அண்ணி பேச மாட்டார்.

கேபின் எண் இல்லாத டிக்கெட் மலிவாக இருக்கிறது. அதற்கு மாறலாமா?

வகை மட்டும் உறுதி. எண்ணை அவர்களாகப் பிறகு கொடுப்பார்கள். மலிவுக்குக் காரணம், யாரும் கேட்காத கேபின்களை அதில் தள்ளுவதுதான்: முன்முனை, பின்முனை, ஆட்டக்கூடத்துக்குக் கீழே. இளசுகள் மாறலாம். வயதானவர்களோடு போனால் வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடல் சும்மா இருக்காது. காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் கேபின்தான் குறைவாக ஆடும். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, இரண்டு நாள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்திருப்பதில் அர்த்தமில்லை.

விமானம், ஹோட்டல், கப்பல் எல்லாம் சேர்த்து மண்ணடியில் பேக்கேஜ் எடுத்தோம். கப்பல் விலை மட்டும் குறைந்தால்?

பேக்கேஜில் கப்பலுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. தெரியாததில் குறைவு கேட்க முடியாது. எடுக்கும்போதே கப்பல் தனி, விமானம் தனி என்று பிரித்துப் பில் கேளுங்கள். மறுத்தால், அவருடைய லாபம் கப்பலில்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சங்கத்தில் இருபது பேராகப் போகிறோம். மொத்தமாகக் கேட்டால் குறைப்பார்களா?

மொத்தமாக எடுக்கும்போது கேபின்களை ஒரு விலையில் பிடித்து வைப்பார்கள். வெளியே விலை ஏறினாலும் உங்களுக்கு ஏறாது. இறங்கினாலும் தானாக இறங்காது. இறங்கியிருந்தால், அந்தக் குழுவிலிருந்து ஒரு கேபினை எடுத்துத் தனி விலைக்கு மாற்றச் சொல்லலாம். ஆனால் குழுவில் இத்தனை கேபின் இருந்தால் ஒருவருக்கு இலவசம் என்ற ஒப்பந்தம் இருந்தால், ஒரு கேபின் வெளியே போனதும் அது உடையும். இலவசத்தில் போவது சங்கத் தலைவர் என்றால் மெதுவாகப் பேசுங்கள்.

சிங்கப்பூர் கப்பலுக்கு அமெரிக்காவில் இருக்கும் மகன் புக் செய்தான். இங்கே இந்திய விலை குறைவாக இருக்கிறது. மாற்ற முடியுமா?

முடியாது. ஒரே கப்பலை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விலைக்கு விற்பார்கள். எந்த நாட்டில் எடுத்தீர்களோ அந்த நாட்டின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். சில மலிவு விலைகள் அந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். கப்பல் ஏறும் இடத்தில் சான்று கேட்பதும் உண்டு. அமெரிக்க மலிவு விலைக்காக மகன் முகவரியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே நின்று வித்தியாசம் கட்டச் சொன்னால் விமான டிக்கெட்டையும் சேர்த்து இழக்க நேரும்.

கடைசி நேரத்தில் எடுத்தால் மலிவு என்கிறார்களே. புக் செய்யாமலே காத்திருக்கலாமா?

சிங்கப்பூர் பயணத்துக்கு வேண்டாம். கப்பலில் மிச்சம் பிடிப்பதைவிடக் கூடுதலாக விமானத்துக்குப் போகும். கோர்டிலியா 2023-ல் தொடங்கிய சென்னை–இலங்கைப் பயணங்களுக்கு பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான பயண அனுமதியும் தயாராக இருந்தால் யோசிக்கலாம். இந்தியக் கடலுக்குள்ளேயே சுற்றி வரும் பயணத்துக்கு மட்டும் நமக்கு ஒரு வசதி: ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோதான். கோயம்புத்தூர்க்காரர் ரயில் டிக்கெட், ஓட்டல் எல்லாம் பார்க்க வேண்டும். நாம் வாரக் கடைசியில் முடிவு செய்து திங்கட்கிழமை ஏறலாம். இரண்டு பேராக, எந்தக் கேபினானாலும் சரி என்று இருப்பவர்கள் காத்திருக்கலாம். நான்கு பேர் ஒரே அறையில் தங்கும் கேபின்கள் குறைவு, முதலில் தீர்வது அவைதான். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்னாலேயே எடுத்துவிட்டு, பிறகு விலை பார்ப்பதே நல்லது.

ஜிஎஸ்டி, டிசிஎஸ் எல்லாம் கட்டியிருக்கிறோம். கட்டணம் குறைந்தால் அவை?

கட்டணம் குறைந்தால் அதன்மேல் போட்ட ஜிஎஸ்டியும் குறைய வேண்டும். திருத்திய பில் கேளுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரிதான் டிசிஎஸ். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்ப வாங்கலாம். வித்தியாசத்தை ரொக்கமாகத் தருகிறேன், பில் மாற்ற வேண்டாம் என்று ஏஜெண்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிறகு ரத்து செய்ய வேண்டி வந்தால் எந்தத் தொகைக்குக் கணக்கு என்று தகராறு வரும்.

கேபின் தவிர மற்றதில் குறைக்க முடியுமா?

பலர் கவனிக்காத இடம் இதுதான். டிரிங்க்ஸ் பேக்கேஜ், வைஃபை, கரையில் சுற்றிக்காட்டும் டூர் என்று முன்கூட்டியே வாங்கினவற்றின் விலையும் ஏறி இறங்கும். பெரிய கம்பெனிகளில் பயணத்துக்குச் சில நாள் முன்பு வரை இவற்றை ரத்து செய்து திரும்ப வாங்கலாம், பிடிப்பு இல்லை. யாரிடமும் கெஞ்ச வேண்டாம், நீங்களே செய்யலாம். நவம்பர் கடைசியில் அமெரிக்கக் கம்பெனிகள் தள்ளுபடி போடும்போது ஒரு பார்வை பாருங்கள். டாலர் கார்டு கணக்கு இங்கேயும் பொருந்தும். ஐந்து டாலர் குறைந்தது என்று ஓடாதீர்கள்.

அந்தமான் கப்பலிலும் இப்படி விலை குறையுமா?

குறையாது, ஏறவும் ஏறாது. அது அரசுக் கப்பல். பங்க் (பொது அறையில் படுக்கை), கேபின், டீலக்ஸ் என்று வகைக்கு ஒரு கட்டணம், அறிவிப்பு வந்தால்தான் மாறும். அந்தக் காலத்தில் ரஜூலா, சிதம்பரம் என்ற கப்பல்களில் சிங்கப்பூர் போய் வந்த பெரியவர்களுக்கு இந்த முறைதான் தெரியும். அதனால்தான் "ஒரே கப்பல், ஒரே ரூம், பக்கத்து ரூம்காரன் பாதி விலை கொடுத்தானாம்" என்றால் அவர்களுக்குக் கோபம் வருகிறது.

விலையை மாற்றித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த ஏஜெண்ட் இப்போது போன் எடுப்பதில்லை.

எழுதிக் கொடுத்திருந்தால் வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தாலே பலர் போன் எடுக்க ஆரம்பிப்பார்கள். அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விலை குறைந்தது என்பது புகார் ஆகாது. தருவதாக ஒப்புக்கொண்டதைத் தரவில்லை என்பதுதான் புகார். மனுவை அப்படி எழுதுங்கள். உறுதிக் கடிதம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டும் திரையின் படம் மூன்றையும் இணையுங்கள்.